ஊரடங்கில் தாத்தாவும் ஆச்சியும்: நின்றுபோன நடைகளுக்கு வீட்டுக்குள் மாற்று

திருநெல்வேலிப் பக்கம் வண்ணார்பேட்டையிலோ வீரவநல்லூரிலோ எழுபது வயதுத் தாத்தா ஒருவர் காலையில் டீக்கடைக்குப் போய்வருகிறார் என்று வையுங்கள். பார்வைக்கு அது ஒரு டீ. கணக்குப் பார்த்தால் அந்த ஒரு நடையில் அரை மணி நேர நடைப்பயிற்சி இருக்கிறது, பேச்சுத்துணை இருக்கிறது, ஓசித் தினத்தந்தி இருக்கிறது, "என்ன அண்ணாச்சி, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்க ஒரு ஆளும் இருக்கிறார். கொரோனாவுக்காக 2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை வந்தது, அன்று நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு. டீக்கடையோடு சேர்ந்து இந்த நான்கும் ஒரே நாளில் அடைபட்டன. 2021 மே மாதம் இரண்டாம் அலையிலும் அதே கதைதான்.

ஆச்சிக்கும் இப்படி நடைகள் உண்டு. ஆற்றுக் குளியல், கோயில், ரேஷன் கடை, சுற்றிய பீடிக்கட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடை, பக்கத்து வளவில் உட்கார்ந்து கீரை ஆய்வது. வெளியே போகாதீர்கள் என்று சொல்வது சுலபம். போகாமல் இருந்தால் அந்த நடையோடு வந்துகொண்டிருந்தவை என்ன ஆகும் என்பதை யாரும் சொல்வதில்லை. ஆகவே முதல் வேலை, ஒரு நோட்டை எடுத்து, பெரியவர் ஒரு வாரத்தில் எங்கெங்கே போய்வருவார் என்று எழுதுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த நடையில் என்ன கிடைத்தது, இனி அதை யார், எத்தனை மணிக்குக் கொடுப்பது என்று எழுத வேண்டும். ஆள் பெயரும் மணியும் இல்லாத ஏற்பாடு மூன்றாம் நாளே நின்றுவிடும். "யாராவது பார்த்துக்குவாங்க" என்ற யாராவதை நம்பக் கூடாது.

மாத்திரை

இதைத்தான் முதலில் முடிக்க வேண்டும், சோறுகூட இதற்குப் பிறகுதான். ஊரடங்கு வரப்போகிறது என்று பேச்சு அடிபடும்போதே மாத்திரை அட்டைகளைக் கட்டிலில் பரப்பி எண்ணுங்கள். 30 நாளைக்கு உள்ளது போக, 10 நாளைக்குக் கூடுதலாக இருக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மாதாமாதம் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்கள், பெரியவரை அழைத்துப் போகாமல் சீட்டோடு வேறொருவர் போய் வாங்க முடியுமா என்று செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். பெயர் பதியாவிட்டால் வராது, அவ்வளவுதான்.

ஒரு தாளில் மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எதற்காக என்று பெரிய எழுத்தில் எழுதி அரங்கு வீட்டு (உள்ளறை) கதவில் ஒட்டுங்கள். அதையே போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள். அட்டை மீதே மார்க்கரால் காலைக்கு ஒரு சூரியன், ராத்திரிக்கு ஒரு பிறை போட்டுவிட்டால் எழுத்துப் படிக்கத் தெரியாதவருக்கும் போதும்.

தப்பு நடப்பது எங்கே என்றால், வழக்கமான கம்பெனி மாத்திரை கிடைக்காமல் கடைக்காரர் வேறு கம்பெனி கொடுக்கும்போது. உள்ளே மருந்து ஒன்றுதான், அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு. ஆச்சி இது புது மாத்திரை என்று நினைத்து, டப்பாவில் மிச்சமிருக்கும் பழையதையும் சேர்த்து விழுங்கிவிடுவார். பிரஷர் மாத்திரை இரட்டிப்பானால் எழுந்தவுடன் கண் இருட்டி விழுகை. சர்க்கரை மாத்திரை இரட்டிப்பானால் அதைவிட மோசம். புது அட்டை வந்த அன்றே பழையதை டப்பாவிலிருந்து எடுத்துவிட வேண்டும். கடைக்காரரிடம் கேட்க வேண்டியதும் ஒன்றே ஒன்று: "அதே மருந்தா, அதே மில்லிகிராமா?"

100 தான் இருக்கிறது, 50 இல்லை என்றால் பாதியாக உடைக்கலாமா? நடுவில் கோடு போட்ட சாதாரண மாத்திரை என்றால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு உடைக்கலாம். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., எக்ஸ்.ஆர். என்று இருப்பவை மெல்ல மெல்லக் கரையும்படி செய்தவை. உடைத்தால் நாள் முழுக்கக் கரைய வேண்டியது ஒரே நேரத்தில் இறங்கிவிடும். தீர்ந்துவிடுமோ என்று பயந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவதும் பெரியவர்களின் பழக்கம். கேட்டால் சொல்லமாட்டார்கள். அட்டையை எண்ணினால்தான் தெரியும்.

மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை கிட்னியையும் பிரஷரையும் பதம் பார்க்கும். சீட்டு இல்லாமல் வேண்டாம். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் 650, ஆறு மணி நேர இடைவெளி விட்டு, ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் போகக் கூடாது. ஈரல் நோய் உள்ளவர் அதையும் டாக்டரைக் கேட்டே போட வேண்டும்.

இன்சுலின் போடுகிற வீட்டில் கரண்டு போய்விட்டால் பதறுவார்கள். பிரிக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், ஃபிரீசரில் வைத்து உறைந்துபோனால் அது குப்பைக்குத்தான். பிரித்த குப்பி வெயில் படாத குளிர்ந்த இடத்தில் பொதுவாக நான்கு வாரம் தாங்கும். சித்திரை வெயிலில் ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானை வைத்து, குப்பியைப் பிளாஸ்டிக் டப்பாவில் மூடி உள்ளே வையுங்கள். மணல் காயாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலோ, கலங்கலாக இருக்க வேண்டியது உருட்டியும் கலக்காமல் கட்டி தட்டியிருந்தாலோ போடாதீர்கள்.

வேர்வை, கைநடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு. சர்க்கரை இறங்கினால் இப்படித்தான் தெரியும். மீட்டரில் 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சீனியை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

கோலம் விழுந்ததா?

தனியாக இருக்கும் பெரியவருக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். காலை ஏழு மணிக்குள் வாசல் தெளித்துக் கோலம் விழ வேண்டும். எதிர்வீட்டு மதினிக்கு அதைப் பார்ப்பது மட்டுமே வேலை. விழவில்லை என்றால் தெருவில் நின்றபடியே, "ஏ ஆச்சி, இன்னைக்கு வாசல் தெளிக்கலியே, என்ன செய்யுது?" என்று ஒரு குரல். பதில் வராவிட்டால் போன். போனும் எடுக்கவில்லை என்றால் சாவி வைத்திருப்பவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். அந்தச் சாவி யாரிடம் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். மேலப்பாளையத்திலும் சமாதானபுரத்திலும் கோலம் போடாத வீடுகளில் வாசல் லைட்டை ஏழு மணிக்குள் அணைப்பது என்று வைத்துக்கொள்ளலாம். எந்த அடையாளம் என்பது முக்கியமில்லை. தினமும் அந்தப் பெரியவர் தன் கையால் செய்கிற காரியமாக அது இருக்க வேண்டும்.

இருபது வீடு ஒரு முற்றத்தைப் பார்த்திருக்கும் வளவில் இது தானாகவே நடக்கும். புது நகர்களில் காம்பவுண்டுச் சுவரும் கேட்டுமாக இருக்கிற வீடுகளில்தான் சொல்லி வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. வளவுக்கு வேறொரு சிக்கல் உண்டு: பொதுக் குழாயும் பொதுக் கழிப்பறையும். தண்ணீர் பிடிக்கப் பெரியவர்களுக்கு முதல் அரை மணி நேரத்தை ஒதுக்கிவிட்டு மற்றவர்கள் பிறகு வந்தால் கூட்டத்தில் இடிபட வேண்டாம்.

வெளியூர்ப் பிள்ளைகள் போனில் "நல்லா இருக்கியளா?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்யா" என்றுதான் பதில் வரும். அந்தக் கேள்வியால் பயனில்லை. எண்ணிச் சொல்லும்படி கேளுங்கள். "நேத்து ராத்திரி என்ன உண்டிய?" "பிரஷர் மாத்திரை அட்டையில இன்னும் எத்தனை இருக்கு, எடுத்துப் பாத்துச் சொல்லுங்க." "காலைல வெளிக்குப் போனியளா?" வீடியோவில் பேசினால் முகத்தைப் பார்ப்பதோடு விடாமல், அடுக்களையைக் காட்டச் சொல்லுங்கள். கழுவாத பாத்திரம் மூன்று நாளாகக் கிடந்தால் உடம்போ மனசோ சரியில்லை என்று அர்த்தம்.

டச் போன் பிடிபடாதவருக்கு அதைக் கற்றுக்கொடுக்க ஊரடங்கு நேரம் சரிப்படாது. பட்டன் போன் வாங்கி 2-ஐ அழுத்திப் பிடித்தால் மகன், 3 மகள், 4 எதிர்வீடு, 5 மருந்துக்கடை என்று பதிந்து கொடுங்கள். ரீசார்ஜ் முடியும் தேதியைப் பிள்ளை தன் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். காது மெஷின் போட்டவர் முகக்கவசத்தைக் கழற்றும்போது மெஷினும் சேர்ந்து தெறிக்கும். காதில் மாட்டுவதை விட்டுத் தலைக்குப் பின்னால் கட்டும் கவசம் கொடுங்கள். நாம் கவசத்தோடு பேசும்போது உதடு தெரியாததால் பாதி விளங்காது. எரிச்சல்படாமல் மெதுவாக, கொஞ்சம் கனத்த குரலில் சொல்லுங்கள். கத்தினால் இன்னும் விளங்காது.

அடுக்களையில்

இரண்டு பெரியவர்களுக்கு 15 நாளைக்குச் சோற்றரிசி 4 கிலோ, இட்லி அரிசி 2 கிலோ, உளுந்து 1 கிலோ, துவரம்பருப்பு முக்கால் கிலோ, பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் அரை அரை கிலோ, எண்ணெய் முக்கால் லிட்டர் தாராளம். அதற்கு மேல் வாங்கிக் குவித்தால் வண்டுதான் தின்னும். அரிசியில் காய்ந்த வேப்பிலையோ வத்தல் மிளகாயோ போட்டு இறுக்கி மூடுங்கள். கேஸ் சிலிண்டர் மாற்ற வருகிறவர் நடுவீட்டுக்குள் வர வேண்டாம் என்றால், சக்கரம் வைத்த தாங்கியை வாசலிலேயே வையுங்கள். 14.2 கிலோ கேஸும் இரும்பின் எடையும் சேர்ந்து முப்பது கிலோ அளவுக்கு வரும். அதைத் தாத்தா உருட்டிக்கொண்டு போகக் கூடாது.

காய்கறி வராத நாளுக்கு நம் பக்கத்தில் வத்தல் இருக்கிறது. சுண்டவத்தல், மிதுக்கவத்தல், சீனியவரைக்காய் வத்தல், மோர் மிளகாய். ஆனால் எல்லாம் உப்பு. பிரஷர் உள்ளவர் தினமும் வத்தக்குழம்பும் மோர் மிளகாயும் அப்பளமுமாகத் தின்றால் காலில் நீர் கட்டும். வத்தலைக் கால் மணி நேரம் வெந்நீரில் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழம்பு வைத்தால் உப்பு கொஞ்சம் இறங்கும். வாரத்துக்கு இரண்டு நாள் போதும். புறவாசலில் முருங்கை நிற்கிற வீட்டில் கீரைக்கு அலைய வேண்டியதே இல்லை. காய்கறியைச் சோப்பாலும் பிளீச்சிங் தண்ணீராலும் கழுவ வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவினால் போதும்.

ஊரடங்கில் பெரியவர்கள் சாப்பாட்டைச் சுருக்கிவிடுவார்கள். "ஒத்த ஆளுக்கு எதுக்கு அடுப்பு?" என்று காலையில் பழையது, ராத்திரி இரண்டு ரொட்டி, ஒரு காப்பி. ஒரு மாதத்தில் தொடைச் சதை கரையும், சதை கரைந்தால் கால் தள்ளாடும். அதனால் ஒரே சட்டியில் முடிகிற, பருப்பு சேர்ந்த சாப்பாடு வேண்டும். அதற்கு உளுந்தஞ்சோற்றைவிடப் பொருத்தமானது இல்லை.

அரிசி ஒரு டம்ளர், தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து அரை டம்ளர். உளுந்தை வெறும் சட்டியில் சிறுதீயில் வாசனை வரும்வரை வறுக்க வேண்டும். தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நின்று, வயிறு ஊதும். வெந்தயம் அரை டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், உரித்த பூண்டு எட்டுப் பல், துருவிய தேங்காய் ஒரு கைப்பிடி. எல்லாம் சேர்த்துக் குக்கரில் நான்கரை டம்ளர் தண்ணீர், உப்பு குறைவாக. நான்கு விசில் விட்டு, அடங்கியபின் கரண்டிக் காம்பால் கிளறுங்கள். பல்செட் இல்லாதவருக்கு ஐந்து டம்ளர் தண்ணீர் வைத்தால் குழைவாக வரும். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். பல் இல்லாதவருக்குத் துவையலை மை போல அரைக்க வேண்டும், எள் ஈறில் ஒட்டும். இது இரண்டு பேருக்கு ஒரு வேளை. சர்க்கரைக்காரர் தட்டில் இது பாதி, கீரையோ அவியலோ பாதி. கிட்னிக் கோளாறு உள்ளவர் பருப்பின் அளவை டாக்டரிடம் கேட்க வேண்டும்.

முட்டை தின்கிறவர்களுக்குத் தினம் ஒன்று, தின்னாதவர்களுக்குச் சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல். தண்ணீருக்கு ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றைக் காலையில் நிரப்பி மதியத்துக்குள் ஒன்று, ராத்திரிக்குள் இன்னொன்று. தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்று விட்டால் வயதானவர்களுக்குத் தாகமே எடுக்காது. இரவில் எழுந்து போக வேண்டியிருக்குமே என்று சாயங்காலத்தோடு நிறுத்துகிறவர்கள் காலைப் பங்கைக் கூட்டிக்கொள்ளட்டும். மோரும் நீத்துப்பாகமும் (நீராகாரம்) இந்தக் கணக்கில் சேரும், காப்பியைச் சேர்க்காதீர்கள். இருதயம், கிட்னிக்காக டாக்டர் தண்ணீரை அளந்து கொடுத்திருந்தால் அந்த அளவுதான். மலச்சிக்கல் வந்தால் நடமாட்டமும் தண்ணீரும் குறைந்துவிட்டன என்று அறிந்துகொள்ளலாம்.

குளியல்

தாமிரபரணியில் படித்துறையில் நின்று குளித்துப் பழகிய உடம்பைத் திடீரென்று நாலடிக்கு நாலடி அறைக்குள் அடைத்தால் அங்கேதான் விழும். ஆற்றில் குனிய வேண்டாம், தண்ணீர் இடுப்பளவில் இருக்கும், பக்கத்தில் நாலு பேர் நிற்பார்கள். குளியலறையில் தரையில் இருக்கும் வாளிக்குள் ஒவ்வொரு செம்புக்கும் குனிந்து நிமிர வேண்டும், கண்ணில் சோப்பு, பிடிக்க எதுவுமில்லை. வாளியை ஒன்றரை அடி உயரக் கல்லிலோ உறுதியான முக்காலியிலோ தூக்கி வையுங்கள். உட்கார்ந்து குளிக்கக் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி, காலடியில் ரப்பர் புஷ் போட்டது. கை இல்லாத ஸ்டூல் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும்.

பிடிமானக் கம்பியைத் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், சுவரில் துளையிட்டு ஆங்கர் போல்ட் போட்டு மாட்ட வேண்டும். ஊரடங்கில் கொத்தனாரும் பிளம்பரும் வரமாட்டார்கள் என்பதால் இதை முன்கூட்டியே செய்யுங்கள். துண்டு போடும் கம்பி ஆள் கனம் தாங்காது, அதைப் பிடித்து விழுந்தவர்கள் அதிகம். பாசி பிடித்த தரையை வாரம் ஒரு முறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்க்கிறவர் இளையவராக இருக்கட்டும், ஆசிடையும் பிளீச்சிங்கையும் ஒன்றாகக் கலந்தால் வரும் புகை மூச்சை அடைக்கும். கதவுக்கு உள்தாழ் வேண்டாம். வெளியே கைப்பிடியில் ஒரு துண்டைப் போட்டால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று பொருள்.

நம் பழைய வீடுகளில் வாசலை ஒட்டிய தார்சாவிலிருந்து நடுக்கூடமான பட்டாசாலைக்கும் அங்கிருந்து அடுக்களைக்கும் ஒவ்வொரு நிலைப்படியும் ஒவ்வொரு உயரம். பகலில் கால் அறியும், ராத்திரி அறியாது. படி விளிம்பில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை சின்ன லைட் எரியட்டும். படுக்கையிலிருந்து எழுந்ததும் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டே நடக்க வேண்டும்.

வீட்டுக்குள் நடப்பது

பட்டாசாலையில் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவர் வரை அடி அளந்து எண்ணுங்கள். 20 அடி என்றால் போய்வந்தால் 40. காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம், செருப்போ பிடிப்புள்ள காலணியோ போட்டுக்கொண்டு. மொட்டை மாடி வேண்டாம். ஏறுவதை விட இறங்குவதுதான் ஆபத்து, சித்திரையில் ஒன்பது மணிக்கெல்லாம் தரை சுடும்.

இதைவிடப் பலன் கூடுதலான பயிற்சி ஒன்று இருக்கிறது. முதுகு சுவரில் ஒட்டும்படி போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து நின்று, மெதுவாக உட்கார வேண்டும். முதல் வாரம் ஐந்து முறை, பிறகு பத்து. கை ஊன்றாமல் முடியாதவர் ஊன்றியே செய்யலாம். முழங்கால் வலித்தால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். கழிப்பறைக்குத் தானே போய்வரும் பலம் இந்தத் தொடையில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் மற்றதெல்லாம் பிறர் கையில்.

பீடி சுற்றுகிற ஆச்சிமார், ஜன்னலைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் குனிந்தே உட்கார்ந்திருக்க வேண்டாம். தூள் பறக்கும் வேலையைத் திண்ணையிலோ முற்றத்திலோ வைத்துக்கொண்டு, அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நிற்கட்டும்.

உடம்பு சரியில்லை என்றால்

வயதானவர்களுக்குக் காய்ச்சல் தெர்மாமீட்டரில் பெரிதாகக் காட்டாது. 100-ஐத் தாண்டினாலோ, திரும்பத் திரும்ப 99-க்கு மேல் நின்றாலோ அது காய்ச்சல்தான். காய்ச்சலே இல்லாமலும் நோய் வரும். நேற்று வரை கணக்காகப் பேசியவர் இன்று மகன் பெயரை மாற்றிச் சொல்கிறார், சோறு வேண்டாம் என்கிறார், பகலெல்லாம் தூங்குகிறார், காரணமில்லாமல் விழுகிறார். வயதாகிவிட்டது என்று இதைத் தள்ளாதீர்கள். ஒரே நாளில் வந்த மாற்றம் என்றால் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும்.

விரலில் மாட்டி ரத்த ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டரில் தப்பான எண் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் விரல். மருதாணியும் நகப்பூச்சும் இல்லாத விரல், குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிய விரல் வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையை மேசைமேல் அசையாமல் வைத்து, முதலில் துள்ளும் எண்ணை விட்டு ஒரு நிமிடம் கழித்து நிற்கும் எண்ணை எழுதுங்கள். 95-ம் அதற்கு மேலும் சரி. 94-ம் அதற்குக் கீழும் இரண்டு விரலில் காட்டினால் டாக்டர். 90-க்குக் கீழே என்றால் யோசிக்காமல் 108. நெடுநாள் நுரையீரல் நோய் உள்ளவருக்கு வழக்கமான அளவே குறைவாக இருக்கலாம். அவர் எண் என்ன என்று நலமாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள். தள்ளாட்டம் இல்லாதவர் வீட்டுக்குள் மூன்று நிமிடம் நடந்து பார்த்து, எண் 3-க்கு மேல் இறங்கினால் அதுவும் எச்சரிக்கைதான். மூச்சு வாங்காமலேயே ஆக்ஸிஜன் குறைவது கொரோனாவின் குணம். "தாத்தா நல்லாத்தானே பேசிக்கிட்டு இருக்காரு" என்பதை நம்பியே பலர் தாமதித்தார்கள்.

கபசுரக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கட்டும். அதைக் குடித்தாயிற்று என்று மாத்திரையையோ டாக்டரையோ விட்டுவிடக் கூடாது. ஆவி பிடிப்பதில் தலைமேல் போர்வையோடு கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்துபோகும். கைநடுங்குகிறவருக்கு வேண்டவே வேண்டாம். கையில் சானிடைசர் காயும் முன் விளக்கேற்றவோ கற்பூரம் கொளுத்தவோ அடுப்பு பற்றவைக்கவோ கூடாது. வீட்டில் சோப்பும் தண்ணீரும் 20 விநாடியும் போதும்.

வீட்டில் இளையவருக்குத் தொற்று வந்தால் அவர்தான் மச்சுக்குப் போக வேண்டும். பெரியவரைப் பாதுகாப்பு என்று மாடியில் ஏற்றிவிட்டால் ராத்திரி கழிப்பறைக்கு இறங்கும்போது விழுவார்.

சின்னக் கோளாறுக்கு வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேச 2020 ஏப்ரலிலிருந்து இ-சஞ்சீவனி இலவசமாக இருக்கிறது. மருத்துவ உதவி எண் 104-லும் கேட்கலாம். நெஞ்சுவலிக்கும் ஒரு பக்கம் கை கால் விழுவதற்கும் போனில் வைத்தியம் இல்லை. கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து வீட்டில் வைத்திருந்தால், பக்கவாதத்துக்கு ஊசி போடும் நான்கரை மணி நேரம் கழிந்துவிடும். களக்காட்டிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வரவே அதில் ஒரு பங்கு போய்விடும். முகம் கோணி, பேச்சுக் குழறிய நேரத்தைத் தாளில் எழுதிக்கொண்டு புறப்படுங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் பக்கத்துக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் திருநெல்வேலியில் இருந்தால், மாவட்டம் தாண்ட இ-பாஸ் கேட்கும் காலத்தில் செக்போஸ்டில் நிற்க வேண்டிவரும். 108 வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. சொந்த வண்டியில் போகிறவர்கள் பழைய மருந்துச் சீட்டு, ஆதார் இரண்டையும் ஒரு பையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டி வையுங்கள்.

பணம்

முதியோர் பென்சனுக்கும் பேங்குப் பணத்துக்கும் வரிசையில் நிற்க வேண்டாம். ஆதார் இணைத்த கணக்கு என்றால் தபால்காரர் கையிலுள்ள கருவியில் விரல் வைத்து வீட்டிலேயே எடுக்கலாம். ஆனால் விரல் ரேகை விழாது. வயதும் வயல்வேலையும் பீடி இலையும் சேர்ந்து ரேகையைத் தேய்த்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் கழுவித் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவி நன்றாகத் துடைத்துவிட்டு வைத்தால் வறண்ட தோல் மிருதுவாகி ரேகை பிடிக்கும். கட்டைவிரல் விழாவிட்டால் மற்ற ஒன்பதையும் வைத்துப் பாருங்கள். உயிர்ச்சான்றுக்கு 2021 நவம்பரிலிருந்து முகத்தைக் காட்டிப் பதியும் வசதியும் வந்துவிட்டது. ரேஷன் கடைக்கு நடக்க முடியாதவர் வேறொருவரை நியமித்து எழுதிக் கொடுக்கப் படிவம் இருக்கிறது. அதை ஊரடங்குக்கு முன்பே கொடுத்து வையுங்கள்.

கையில் பதினைந்து நாள் செலவுக்குப் பணம், பாதி ஐம்பது நூறாக. கடைக்குப் போய்வரும் பையனிடம் ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துச் சில்லறைக்குத் தகராறு வேண்டாம். நிவாரணப் பணம் வந்திருக்கிறது, தடுப்பூசிக்குப் பதிய வேண்டும், பேங்க் கார்டு முடங்கிவிட்டது என்று யார் போன் செய்தாலும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லக் கூடாது. "எம் மவன்ட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்று வைத்துவிடுவது என்று சொல்லிக் கொடுங்கள். பெரியவர்களுக்குப் போனை முகத்தில் அடித்தாற்போல் வைக்கக் கூச்சம், இந்த ஒரு வாக்கியம் இருந்தால் கூச்சமில்லாமல் வைத்துவிடுவார்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930.

சாஸ்தாவும் சாவு வீடும்

2020-ல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 6-ல் வந்தது. எங்கே இருந்தாலும் அன்று குலதெய்வச் சாஸ்தாவைக் கும்பிடப் போகும் வழக்கம் அந்த வருஷம் அறுந்தது. நெல்லையப்பர் ஆனித்தேரும் இரண்டு வருஷம் ஓடவில்லை. "கும்பிடாம விட்டாச்சே" என்ற பயம் பெரியவர்களைத் தின்னும். அதைப் பேசித் தீர்க்க முடியாது, செய்ய ஏதாவது கொடுக்க வேண்டும். சாஸ்தாவுக்கு மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைப்பது, வீட்டிலேயே பொங்கல் வைப்பது, பூசாரியிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது. பள்ளிவாசலுக்கும் சர்ச்சுக்கும் போகிறவர்களுக்கு, தொழுகை நேரத்தையும் ஞாயிறு ஆராதனையையும் வழக்கமான மணிக்கே வழக்கமான உடுப்போடு வீட்டில் வைத்துக்கொண்டால் நாள் கணக்குத் தப்பாது.

சொந்தத்தில் சாவு விழுந்தால் மறைக்காதீர்கள். எப்படியும் தெரியும், தெரியும்போது உங்களை நம்புவதும் போய்விடும். பகலில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது, சாப்பிட்டபின் சொல்லுங்கள். துஷ்டி கேட்கப் போக முடியாதவர் அந்த வீட்டாரோடு போனில் அழட்டும். டிவிச் செய்தி காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. ராத்திரி எட்டுக்கு மேல் இறப்பு எண்ணிக்கை பார்த்தால் தூக்கம் வராது. இரண்டு வாரத்துக்கு மேல் பசியும் தூக்கமும் பேச்சும் குறைந்தே இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பேச ஆள் வேண்டும் என்றால் முதியோர் உதவி எண் 14567.

தளர்வு வந்தபின்

திறந்த அன்றே டீக்கடை வரை பழைய வேகத்தில் போகக் கூடாது. முதல் மூன்று நாள் தெருமுனை வரை பத்து நிமிடம், கூட ஒரு ஆள். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் நாலாம் நாள் கால் மணி நேரம். முகக்கவசம் பையில் மாற்றுக்கு ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று. புறப்படும் முன் வாசலில் கிடக்கும் ரப்பர் செருப்பை எடுத்து வளைத்துப் பாருங்கள். இரண்டு மாதம் வெயிலில் கிடந்த வார் இற்றுப்போயிருக்கும், முதல் பத்தடியிலேயே அறுந்து குப்புறத் தள்ளிவிடும்.